தேதி போடாத ராஜினாமா

வெள்ளேரி,
அரியலூர் வழி,
3.9.1978

அண்ணனுக்கு மலர்க்கொடி எழுதுவது.

எம்.எல்.ஏ.வுக்குக் கடிதம் எழுதினால் 'நீங்கள்' என்று போட வேண்டும் என்று உன் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கை வரவில்லை. என் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவனை நீ என்றுதான் எழுத வரும். கோபமாக இருக்கும்போது அந்த 'நீ'யே அதிகம் என்று தோன்றுகிறது.

மூன்று கார்டு போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கார்டென்றால் வழியில் நாலு பேர் படித்துவிடுவார்கள் என்று பயந்து பதில் போடாமல் இருக்கிறாயோ என்னவோ, இந்தத் தடவை இன்லண்டு லெட்டர் வாங்கியிருக்கிறேன். படித்தால் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

விஷயம் இதுதான். ஆடி பிறந்த மறுவாரம் ஜீப்பில் நாலு பேர் வந்து நம் ஏரியைச் சுற்றிக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலும், மேற்கே மாடு மேயும் வெளியும், ஏரியில் பாதியும் சிமெண்டுக் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகிறதாம். நான் கரையேறிப் போய்க் கேட்டேன். அளக்க வந்தவர் நல்ல மனுஷர்தான். "எங்களக் கேட்டு என்னம்மா பண்றது, ஒங்க எம்.எல்.ஏ.வே ஆட்சேபண இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரே" என்றார். பையிலிருந்து நகலை எடுத்துக் காட்டினார். சாமிதுரை என்று உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி போடுவாயே, அந்தச் சுழியும் இருந்தது.

போன வருஷம் வைகாசியில் இதே கரையில் மைக் கட்டி நீ பேசியது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. வயலுக்கு வைத்த ஆள் சரியில்லை என்றால் மறுநாளே வராதே என்கிறோம், ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளை மட்டும் ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டுமா என்றாய். அனுப்பிய ஜனங்களுக்குத் திருப்பிக் கூப்பிடவும் உரிமை வேண்டும் என்றாய். அதற்கு இன்னும் சட்டம் இல்லை, வரும்வரை எனக்கு நானே சட்டம் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, அத்தனை பேர் முன்னால் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். தேதியை மட்டும் விட்டுவைத்தாய். "ஏரிக்கு ஒரு கேடு வந்து நான் தடுக்கலன்னா, நீங்களே தேதியப் போட்டு அனுப்பிருங்க" என்று அதை என் கையில் கொடுத்தாய். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நம் தெரு ஆண்டாயி அழுதேவிட்டாள்.

அந்தத் தாள் என் தகரப்பெட்டியில் கல்யாணப் புடவை மடிப்புக்குள் இருக்கிறது. அதை உனக்கு நினைவுபடுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

வேட்புமனுவில் உன்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் நான். நம் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்பிள்ளை என் தங்கை ஒருத்திதான், அதுவும் நான் கற்றுக்கொடுத்தது என்று மேடைக்கு மேடை பெருமை பேசினாய். இப்போது தெருவில் போனால் எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "ஒம் பேச்சக் கேட்டுத்தானடி போட்டோம்" என்கிறாள் ஆண்டாயி.

நீ வா. வந்து அந்தக் கரைமேல் நின்று பதில் சொல். காரில் வேண்டாம், பஸ்ஸில் வா.

உன் தங்கை
மலர்க்கொடி

---

சட்டமன்ற உறுப்பினர் விடுதி,
சென்னை,
16.9.1978

அன்புத் தங்கை மலர்க்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கார்டுகளும் கிடைத்தன. கூட்டத் தொடர், கமிட்டி, மனு கொடுக்க வரும் ஜனம் என்று எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. இதை நீ புரிந்துகொள்வாய் என்று எண்ணியிருந்தேன். கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நிதானமாகப் படி. நம் ஏரியில் வருஷத்துக்கு எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது? நாலு மாதம். அது பாயும் ஆயக்கட்டில் நம் தெருக்காரர்கள் ஒருவருக்காவது ஒரு குழி நிலம் உண்டா? அப்பா ஆயுசு பூராவும் அடுத்தவன் வயலுக்குத்தான் தண்ணீர் பாய்ச்சினார். ஊர்த்தெருக்காரர்கள் வயலில் குனிந்து நிற்பதற்காக இந்த ஏரி நமக்கு வேண்டும் என்கிறாயா? சுரங்கம் வந்தால் நம் பிள்ளைகள் இருபது பேருக்காவது வேலை கிடைக்கும். மாதம் பிறந்தால் சம்பளம். யார் வாசலிலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். இதை யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். யாரிடமும் கைநீட்டிப் போடவில்லை, அப்பா மேல் ஆணை.

சுயேச்சையாக ஜெயித்தவன் கட்சியில் சேர்ந்துவிட்டானே என்று ஊரில் பேசுவதும் என் காதுக்கு வந்தது. சுயேச்சையாக உட்கார்ந்திருந்தால் இங்கே ஒரு பைப்புக்கூட வாங்க முடியாது. நம் தெருவுக்கு விளக்கு வந்ததே, அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டார்களா?

நீ சொல்கிற அந்தத் தாள் மேடைக்காக எழுதியது. அன்றைக்கு நாடு பூராவும் திருப்பி அழைக்கும் உரிமை என்று பேச்சாக இருந்தது, நானும் உணர்ச்சிவசப்பட்டேன். சட்டத்தில் அப்படி எதற்கும் இடம் கிடையாது. அதைப் பத்திரப்படுத்திப் பயனில்லை, கிழித்துப் போட்டுவிடு.

அங்கமுத்து மாப்பிள்ளைக்கு அரியலூரில் கம்பெனி ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லியிருக்கிறேன். அவரை அடுத்த வாரம் போய்ப் பார்க்கச் சொல். உன் கோபம் இதைப் படித்ததும் பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

லீலாவதி அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

உன் அண்ணன்
சாமிதுரை

---

வெள்ளேரி,
22.10.1978

அண்ணனுக்கு,

கோபம் குறையவில்லை. நீ பாதி குறையும் என்றாய், இரண்டு பங்காக ஏறியிருக்கிறது.

உன் மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். நான் வேண்டாம் என்றேன். நாலாம் நாள் காக்கிச் சட்டையோடு வந்து நின்று, "நடவு இல்லாத மாசத்துல நீ என்னத்த ஆக்குவ, சொல்லு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டு அவன் பெண்டாட்டியின் வாயைக் கட்டப் பார்த்தாயே, உன் மேல்தான்.

இருபது பேருக்கு வேலை என்று எழுதியிருக்கிறாய். நான் ரெட்டிபாளையம் பக்கம் வாழ்க்கைப்பட்ட இருசம்மாளைக் கேட்டேன். பக்கத்தில் சுரங்கம் வந்த ஊர்க்காரி அவள். உள்ளூர் ஆளுக்கெல்லாம் காண்டிராக்டரிடம் நாள்கூலிக்குக் கல் உடைக்கிற வேலைதான், சம்பளச் சீட்டு வெளியூர்க்காரனுக்கு என்றாள். நிலம் வைத்திருக்கிற ஊர்த்தெருக்காரர்களுக்குச் சர்க்கார் ஈடு கொடுக்கும். நமக்குக் குழி நிலம் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு நமக்கு என்ன ஈடு? நடவும் அறுப்பும், ஏரி மீனும், பாய்க்குக் கோரையும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீரும் எந்தப் பட்டாவில் எழுதியிருக்கிறது? இதையெல்லாம் யோசித்தேன் என்கிறாய். தனியாக உட்கார்ந்து ஏன் யோசித்தாய்? ஒருநாள் வந்து கேட்டிருந்தால் வேண்டும் என்று சொல்கிறவர்களும் இருந்திருப்பார்கள், வேண்டாம் என்கிறவர்களும் இருந்திருப்பார்கள். எங்களைக் கேட்கவே இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

இன்னொன்று. போன வாரம் உன் ஆள் கருப்பண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தான். மோர் கொடுத்தேன், குடித்தான். அப்புறம், "அண்ணன் அந்தத் தாள வாங்கிட்டு வரச் சொன்னாருங்க" என்றான். கிழித்துப் போடு, பயனில்லாத தாள் என்று எழுதினாயே, பயனில்லாத தாளுக்காகவா நூற்றைம்பது மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஆள் அனுப்பினாய்? பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் போகும்போது, பெரிய இடத்தோடு மோதாதீர்கள் என்று புத்தி சொன்னான். யார் பெரிய இடம்? எனக்குச் சளி ஒழுகினால் என் பாவாடையாலேயே மூக்கைத் துடைத்துவிட்டவன்தானே நீ? அண்ணன் என்றும் பார்க்காமல் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கம்பி கை மாற வேண்டும் என்கிறார்கள். மதகுக் கம்பியைச் சொல்லவில்லை, உன் தாளைச் சொல்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போ. பொங்கல் வரைக்கும் பார்ப்போம் என்று நான்தான் எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மலர்க்கொடி

---

சென்னை,
5.11.1978

மலர்க்கொடிக்கு,

கம்பி கை மாறும் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

உனக்கு அப்போது இரண்டு வயது. நான் பதினொரு வயதுப் பையன், மதகடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா பதினாறு வருஷம் நீர்க்கட்டியாக இருந்து, விடியலில் எழுந்து, முறை வைத்து, ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் திறந்துவிட்டவர். பெரிய வீட்டுக்காரர் மிரட்டினார் என்று ஒரே ஒரு தடவை, முறை தவறி அவர் வயலுக்கு இரண்டு நாள் தண்ணீர் விட்டார். அதற்காக மதகிலிருந்து அய்யனார் கோவில் வரைக்கும் ஊரே வரிசையாக நின்று, அவர் கையிலிருந்த, மதகு திறக்கும் கம்பியை வாங்கி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிக் கடைசி ஆளிடம் சேர்த்தார்கள். சம்மதமில்லாதவர்கள் கம்பியைத் தரையில் வைக்கலாம், மூன்று தடவை தரையில் பட்டால் அது அப்பாவுக்கே திரும்பிவிடும். ஒருவர்கூட வைக்கவில்லை. அவர் கையால் தண்ணீர் வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும். மிரட்டிய பெரிய வீட்டுக்காரரும் அதே வரிசையில் நின்று கம்பியை வாங்கிக் கொடுத்தார். அப்பா வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். என் கையிலிருந்து எவனும் எதையும் அப்படி வாங்க விடமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தவன்தான் படித்தேன், வாத்தியார் ஆனேன், இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதே வரிசையில் என்னையும் நிறுத்துவேன் என்று என் சொந்தத் தங்கையே எழுதுகிறாள்.

ஒன்று தெரிந்துகொள். அந்தத் தாளை நீ அனுப்பினாலும் எதுவும் நடக்காது. ராஜினாமாக் கடிதம் வந்தால் பேரவையில் என்னைக் கூப்பிட்டு, உன் கையெழுத்தா, உன் விருப்பத்தோடு எழுதியதா என்று கேட்பார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கேலிப்பொருளாகப் போவது நம் குடும்பம்தான். ஊர்க்காரர்கள் உன்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இப்படி ஒருத்தி கிடைத்தது வசதியாகப் போயிற்று.

பொங்கலுக்கு வர முடிந்தால் வருகிறேன்.

சாமிதுரை

---

வெள்ளேரி,
26.2.1979

அண்ணனுக்கு,

பொங்கலுக்கு வந்தாய். அரியலூர் வரை வந்தாய். கல்யாண மண்டபத்தில் மாலை போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முன்னால் காரில் ஏறிவிட்டாய். வெள்ளேரியிலிருந்து முப்பது பேர் ரோட்டோரம் நின்றோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனாய். என்னைப் பார்த்தாய், பார்க்கவில்லை என்று மட்டும் எழுதாதே.

மாசி பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை தாள் கை மாறியது. நீ அங்கே இல்லாததால் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். தெரிந்துகொள்ள வேண்டியவன் நீதான்.

முறைப்படி மதகில் ஆரம்பித்தோம். ஊர்த்தெருக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஈட்டுப் பணம் வாங்கப்போகிறவர்கள் ஏன் வருவார்கள்? மீதிப் பாதி வந்தார்கள். நம் தெரு முழுக்க வந்தது. அந்தத் தெருவும் இந்தத் தெருவும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பது இந்த ஒரு காரியத்துக்குத்தான், அது உனக்கும் தெரியும். பெட்டியிலிருந்து தாளை எடுத்து நான்தான் முதலில் நீட்டினேன். சம்மதமில்லாதவர்கள் கீழே வைக்கலாம் என்று மூன்று தடவை சத்தமாகச் சொன்னேன். காற்று பலமாக அடித்தது, எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஆண்டாயி கையில் வந்ததும் கீழே வைத்துவிட்டாள். அப்பா பேரைச் சொல்லி, "பூமாலை மவன், நான் தூக்கி வளத்த புள்ள" என்றாள். ஒன்று. சற்றுத் தள்ளி கண்ணையன் வைத்தார், அவர் மகனுக்குச் சுரங்கத்தில் வேலை சொல்லியிருக்கிறதாம். இரண்டு. அவர்கள் வைத்ததை யாரும் குறை சொல்லவில்லை, அடுத்த ஆள் குனிந்து எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒருவர் வைத்தால் உனக்குத் திரும்பிவிடும்.

அப்போது உன் மாப்பிள்ளை முறை. வேலையிலிருந்து நேராக வந்து காக்கிச் சட்டையோடு நின்றார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வரிசை முழுக்க அவரையே பார்த்தது. அவர் வைத்துவிட்டால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன், சத்தியம். ரொம்ப நேரம் கழித்து அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுச் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். மறுநாளே கம்பெனியில் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கோவில் வாசலில் நான் தேதி போட்டேன். காளயுக்தி வருஷம் மாசி 12 என்று போட்டேன். இங்கிலீஷ் தேதி போட வேண்டும் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். நம் ஊரில் நாள் என்றால் அதுதானே, போகட்டும். இன்றைக்கு அரியலூர் போஸ்டாபீசில் பதிவுத் தபாலில் பேரவைக்கு அனுப்பிவிட்டேன்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். படித்து அழுதேன். ஆனால் நீ பாதியை விட்டுவிட்டாய். கம்பியை யாரும் பிடுங்கவில்லை. நீ திறந்தாயா என்று கேட்டார்கள். திறக்கவில்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம், பார்த்தவர்கள் யாரும் இல்லை. "தொறந்தேங்க, தப்புதான்" என்று சொல்லி அவரேதான் கம்பியை நீட்டினார். இரண்டு வருஷம் கழித்து அதே ஜனம் அதே வரிசையில் நின்று அந்தக் கம்பியைக் கோவிலிலிருந்து மதகுக்குக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தது. நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். நான் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன், கம்பியின் ஜில்லென்ற இரும்பு என் முழங்காலில் பட்டது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. இது உனக்குக் கடிதத்தில் எழுதியும் போட்டார்கள், அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் நீ வெறுங்கையை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறாய்.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று எழுதினாய் அல்லவா? கேட்கட்டும். உன் கையெழுத்துதான் என்று சொல். தப்புதான் என்றுகூடச் சொல்ல வேண்டாம், உன் கையெழுத்து என்று மட்டும் சொல். அதற்கப்புறம் தேர்தலில் நீ நின்றால் நானே வந்து மறுபடி முன்மொழிகிறேன்.

மலர்க்கொடி

---

சென்னை,
19.3.1979

மலர்க்கொடி,

கூப்பிட்டார்கள். கேட்டார்கள். என் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் அப்படிச் சொல்ல நினைத்துப் போகவில்லை. கையெழுத்து என்னுடையது, இப்போது ராஜினாமா செய்ய விருப்பமில்லை என்று சொல்லத்தான் போனேன். அதைச் சொல்லியிருந்தாலே போதும், அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனால் வராண்டாவில் எங்கள் கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். காளயுக்தி வருஷம் என்று ஒருவர் உரக்கப் படித்தார், சிரித்தார்கள். "தங்கச்சிகிட்ட பதவியக் குடுத்துட்டு வந்தவரா நீங்க?" என்று ஒருவர் கேட்டார். காது இரண்டும் எரிந்தது. உள்ளே போனதும் அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். போலிக் கையெழுத்து என்றால் குற்றம், போலீசுக்கு அனுப்பியாக வேண்டும் என்றார். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

என்னை இந்த மூலைக்குத் தள்ளியது நீதான். பொறுத்துப் போ என்று எத்தனை தடவை எழுதினேன்?

இப்போது நான் சொல்கிறபடி செய். ஸ்டேஷனிலிருந்து வந்து கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது, யாரோ ஒரு தாளைக் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார்கள், போட்டேன் என்று சொல்லிவிடு. படிக்காத பெண்பிள்ளை, விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று முடித்துவிடுவார்கள். நான் பேசி வைத்திருக்கிறேன். உன் மேல் ஒரு தூசு படாது. மாப்பிள்ளைக்கும் வேறு வேலைக்குச் சொல்கிறேன்.

பயப்படாதே.

அண்ணன்

---

வெள்ளேரி,
8.4.1979

எம்.எல்.ஏ. அவர்களுக்கு,

இந்தத் தடவை நீங்கள் என்று எழுத எனக்குக் கஷ்டமாக இல்லை.

பங்குனி மூன்றாம் வாரம் போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து, மறுநாள் அரியலூர் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பஸ்ஸில் போனேன். இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, சாமிதுரை என்று பத்துத் தடவை எழுதச் சொன்னார். எழுதினேன்.

எழுத எழுதத்தான் எனக்கே உறைத்தது. அந்தத் தாளில் இருப்பதைப் போலவே வந்தது. வாலைக் கீழே இழுத்தால் தானாகச் சுழி விழுகிறது. வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவருக்கும் வேறு மாதிரி தெரியாது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார். "ஒரே கைதாம்மா இது" என்றார். என் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் ஒன்றாக இருக்கும் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் போலி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஸ்டேஷன் பெஞ்சில் நான் பட்ட அவமானம் அப்பா நடந்து வந்த தூரத்தைவிடப் பெரிது. அப்பா செய்ததற்குப் பட்டார். நான் நீங்கள் செய்ததற்குப் பட்டேன்.

படிக்காதவள், யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தால் அப்போதே விட்டிருப்பார்கள். அவரும் அப்படிச் சொல்ல வைக்கத்தான் பார்த்தார். நான் எட்டாவது வரை படித்தவள், விவரம் தெரிந்துதான் அனுப்பினேன், எழுதியவர் எம்.எல்.ஏ., தேதி மட்டும் நான் போட்டது என்று சொன்னேன். பார்த்த ஆள் உண்டா என்று கேட்டார். ஊரே பார்த்தது என்றேன்.

அதற்குள் பத்தரை மணி பஸ் வந்தது. அடுத்த பஸ்ஸும் வந்தது. இடம் கிடைக்காதவர்கள் நடந்தே வந்தார்கள். ஸ்டேஷன் வாசலிலிருந்து டீக்கடை வரை வரிசை நின்றது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் சத்தம் போடவும் இல்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, வைகாசி மாதம் கரைமேல் சாமிதுரை எழுதியதை நான் பார்த்தேன் என்று சொல்லிப் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார்கள். முதல் ஆள் யார் தெரியுமா? தாளைக் கீழே வைத்த ஆண்டாயி. "அவன் பதவி போவக் கூடாதுன்னுதாய்யா கீழ வச்சேன். எழுதலன்னு நான் எப்பய்யா சொன்னேன்?" என்றாள். கண்ணையனும் வந்தார். மத்தியானத்துக்குள் எண்பது பேர் ஆகிவிட்டது, இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். எம்.எல்.ஏ.வை ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எழுத வேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார். அதனால் உங்களிடம் மறுபடியும் கேட்பார்கள். என்ன சொல்வதென்று இந்தத் தடவை நான் எழுதவில்லை.

திருப்பிக் கூப்பிடச் சட்டத்தில் இடமில்லை என்றீர்கள். இல்லைதான், தெரிந்துகொண்டோம். ஏரியைச் சுற்றி நட்ட கல் அப்படியே நிற்கிறது. கலெக்டர் வைகாசியில் விசாரணைக்கு வருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எண்பது பேரும் போய்ப் பேசுவோம். எங்களுக்காகப் பேச ஒருவரை அனுப்பினோம் என்று நினைத்திருந்தோம், இனி நாங்களே பேசிக்கொள்கிறோம். உங்கள் மாப்பிள்ளைக்கு வேறு வேலைக்குச் சொல்ல வேண்டாம். இந்த வருஷம் மதகுக் கம்பி அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் ஒன்று கேட்டார். வேட்புமனு நகலையும் வரவழைத்து வைத்திருந்தார். முன்மொழிந்தவர் என்ற இடத்தைக் காட்டி, "இதுவாவது ஒங்க கையெழுத்துதானாம்மா, இல்ல அதுவும் வேற யாருதாவதா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது.

"என்னுதுதாங்க. நானா, மனசோட போட்டது" என்றேன்.

மலர்க்கொடி